கலம் எப்ப பிரியவேணும், எப்ப நிக்கவேணும்: கான்சரையும் டிஎன்ஏ சேதத்தையும் அடியில இருந்து விளங்கிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

கான்சர் எண்டா என்ன எண்டு யாழ்ப்பாணத்தில ஆரைக் கேட்டாலும் "கலங்கள் கண்டபாட்டுக்கு வேகமாப் பெருகிறது" எண்டுதான் சொல்லுவினம், ஏ எல் பயோ படிக்கிற பிள்ளையளும் அதைத்தான் எழுதுவினம். முழுப் பிழை எண்டு சொல்லேலாது, ஆனா அந்த வேகம் எண்டதுதான் ஆக்களைக் குழப்பிறது. எங்கட என்பு மச்சையில ஒரு செக்கனுக்கு 20 லட்சம் மட்டில செங்குருதிக் கலம் உருவாகுது, குடலின்ர உட்பக்கப் படை 3, 4 நாளுக்கு ஒருக்காப் புதுசா மாறுது, கனக்கக் கட்டிகள் இந்த வேகத்துக்குக் கிட்டவும் வராது. அப்ப வேகம் தான் கான்சர் எண்டா எங்கட குடல் தான் முதல் கான்சரா இருக்கவேணும். உண்மையான பிரச்சினை என்னெண்டா, டிஎன்ஏ பழுதாயிருக்கிற நேரத்தில நிக்கவேண்டிய கலம் நிக்காமல் போறது. இதை மட்டும் பிடிச்சுக்கொண்டு வந்தீங்கள் எண்டா மிச்சம் எல்லாம் ஒழுங்கா வந்து இருக்கும், கதிர் அடிக்கேக்க என்ன நடக்குது, கீமோக்கு ஏன் தலைமயிர் கொட்டுது எண்டது வரைக்கும்.

பரீட்சைக்குப் படிக்கிறவைக்கும், வீட்டில ஆருக்கோ ரிப்போட் வந்து அதைக் கையில வைச்சுக்கொண்டு முழிக்கிறவைக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறன். மெதுவா வாசியுங்கோ. 4ஆவது படியையும் 6ஆவது படியையும் மட்டும் தாண்டிப் போகாதேங்கோ.

படி 1: முதல்ல சாதாரண கலத்தின்ர ஒரு நாளைப் பாருங்கோ

ஆய்வுகூடத்தில வளர்க்கிற மனிசக் கலம் ஒண்டு ஒருக்காப் பிரிஞ்சு முடிய ஏறத்தாழ 24 மணித்தியாலம் எடுக்கும். அதில ஜி1 எண்ட அவத்தை 11 மணித்தியாலம் மட்டில, இதில கலம் வளருது, சாமான் சேர்க்குது, பிரியிறதா இல்லையா எண்டு முடிவெடுக்குது. பிறகு எஸ் அவத்தை 8 மணித்தியாலம், டிஎன்ஏ முழுக்கப் பிரதி எடுக்கிறது. பிறகு ஜி2 ஒரு 4 மணித்தியாலம், எடுத்த பிரதி சரியோ எண்டு பாக்கிறது. கடைசியா எம், அதுதான் நாங்கள் புத்தகத்தில படம் கீறிப் பழகின இழையுருப்பிரிவு, அது ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். ரியூசனில முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை எண்டு கீறிக் கீறியே காலம் போகும், ஆனா முக்கியமான முடிவெல்லாம் அதுக்கு முதலே எடுத்தாச்சு.

ஒரு கலத்துக்க 46 நிறமூர்த்தம் (குரோமோசோம்), கிட்டத்தட்ட 600 கோடி எழுத்துச் சோடி, நீட்டிப் பிடிச்சா 2 மீற்றர் மட்டில வரும். அதை 8 மணித்தியாலத்தில பிழையில்லாமல் பிரதி எடுக்கவேணும்.

இன்னொண்டு இருக்கு, ஜி0. வட்டத்தில இருந்து வெளிய போய் ஒதுங்கி நிக்கிற நிலை. எங்கட உடம்பில பெரும்பாலான கலங்கள் இதில தான் இருக்கு. நரம்புக் கலம் அநேகமாத் திரும்பி வராது. ஈரல் கலம் தேவையெண்டா திரும்பி வரும், ஈரலில மூண்டில ரெண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து பழைய அளவுக்கு வந்த உடன நிக்கும். அந்த "நிக்கும்" எண்டதைக் கவனியுங்கோ.

படி 2: வட்டத்தைச் சுத்த வைக்கிறது ஆர்

சிடிகே எண்டு ஒரு நொதியக் கூட்டம், அதோட சேருற சைக்கிளின் எண்ட புரதம், இந்த ரெண்டும் தான். சிடிகே எப்பவும் கலத்துக்க இருக்கும், ஆனா தனிய இருந்தா ஒண்டும் செய்யாது, சைக்கிளின் வந்து ஒட்டினால் தான் வேலை செய்யும். சைக்கிளின் அந்தந்த நேரத்துக்கு உருவாகி வேலை முடிய அழிஞ்சு போகும். இதை 1982 இல ரிம் ஹன்ட் எண்டவர் கடல் முள்ளெலியின்ர முட்டைகளில கண்டார், முட்டை ஒவ்வொருக்காப் பிரியேக்கயும் ஒரு புரதம் மட்டும் திடீரெண்டு காணாமல் போகுது, பிறகு திரும்ப வருது. அதுக்கு முதலே லீலண்ட் ஹார்ட்வெல் பாண் போடுற ஈஸ்ற்றில வட்டத்தை நிப்பாட்டிற பரம்பரையலகுகளை (ஜீன்களை) தேடிப் பிடிச்சிருந்தார். போல் நேர்ஸ் வேறொரு ஈஸ்ற்றில சிடிகேயைக் கண்டுபிடிச்சு, 1987 இல மனிசனின்ர சிடிகேயை எடுத்து, அது பழுதான ஈஸ்ற்றுக்குள்ள போட்டார், ஈஸ்ற் ஒண்டும் நடக்காத மாதிரிப் பிரியத் தொடங்கீட்டுது. ஈஸ்ற்றும் நாங்களும் பிரிஞ்சு நூறு கோடி வருசத்துக்கு மேல, ஆனாலும் இந்த இயந்திரம் மாறேல்ல. 2001 இல மூண்டு பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு குடுத்தினம்.

படி 3: உள்ள போற வாசல், ஆர்பி புரதம்

ஜி1 முடிவில ஒரு இடம் இருக்கு, அதைத் தாண்டினா பிறகு வெளியில இருந்து வளர்ச்சிச் சைகை வராட்டியும் கலம் பிரிஞ்சுதான் தீரும். அந்த வாசலைப் பூட்டி வைச்சிருக்கிறது ஆர்பி. அது ஈ2எஃப் எண்ட இன்னொரு புரதத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், ஈ2எஃப் விடுபட்டா தான் டிஎன்ஏ பிரதி எடுக்கத் தேவையான பரம்பரையலகுகள் எல்லாம் வேலை தொடங்கும். வளர்ச்சிச் சைகை வந்தா சைக்கிளின் டி கூடும், அது சிடிகே4, சிடிகே6 ஓட சேர்ந்து ஆர்பியில பொசுபேற்றுகளை ஒட்டும், ஆர்பி பிடியை விடும், கலம் எஸ் அவத்தைக்குள்ள போகும்.

இந்த ஆர்பியைக் கண்டுபிடிச்சதே சின்னப் பிள்ளையளின்ர கண் கான்சரில இருந்துதான். 1971 இல ஆல்பிரட் நட்சன் எண்டவர் கணக்குப் பாத்தார்: பரம்பரையா வாற பிள்ளையளுக்கு இது வெள்ளன வருது, அநேகமா ரெண்டு கண்ணிலயும் வருது, பரம்பரை இல்லாத பிள்ளையளுக்குப் பிந்தி ஒரு கண்ணில மட்டும் வருது. அப்ப ஒரு கலத்தில இருக்கிற ரெண்டு பிரதியும் பழுதாகவேணும், பரம்பரைக்காரருக்கு ஒண்டு பிறக்கேக்கயே பழுது, மற்றது போனாக் காணும். பரம்பரையலகையே கண்ணால காணாமல், வெறும் நோயாளர் கணக்கில இருந்து சொன்னது, பிறகு 80களில பரம்பரையலகு கையில கிடைச்சாப் போல அது சரியெண்டு தெரிஞ்சுது. (இடையில ஒண்டு: பிளாஷ் போட்டு எடுத்த படத்தில சின்னப் பிள்ளையின்ர ஒரு கண்மணி சிவப்பா இல்லாமல் வெள்ளையாத் தெரிஞ்சா கண் டொக்டரிட்டக் காட்டுங்கோ, இருந்து பாப்பம் எண்டு விடாதேங்கோ.)

எச்பிவி வைரசும் இதே வாசலைத்தான் உடைக்குது. அதின்ர ஈ7 புரதம் ஆர்பியைப் பிடிச்சுச் செயலிழக்க வைக்கும், ஈ6 புரதம் பி53 ஐ அழிக்கும், பி53 ஆரெண்டு 6ஆவது படியில வருது. கருப்பைக் கழுத்துக் கான்சர் அநேகமா எல்லாத்துக்கும் பின்னால இந்த வைரஸ் இருக்கு. இலங்கையில 2017 இல இருந்து பள்ளிக்கூடத்தில தரம் 6 பெண்பிள்ளையளுக்கு இதுக்குத் தடுப்பூசி போடுகினம். அந்தக் கடுதாசி வீட்டுக்கு வந்தா "எங்கட பிள்ளைக்கு உதெல்லாம் தேவையில்லை" எண்டு சொல்லாமல் கையெழுத்து வைச்சு விடுங்கோ, வைரஸ் உடம்புக்குள்ள வாறதுக்கு முதலே போட்டால் தான் அதின்ர பலன்.

படி 4: மறிக்கிற இடங்கள்

ஓமந்தை, முகமாலை கண்ட எங்கட சனத்துக்கு செக்பொயின்ற் எண்டா விளக்கம் தேவையில்லை, இறக்கி நிப்பாட்டி எல்லாத்தையும் பாத்துத்தான் அங்கால விடுவினம். கலத்துக்குள்ளயும் அப்பிடித்தான், ஒரேயொரு வித்தியாசம், இஞ்ச மறிக்கிறது திருத்த நேரம் குடுக்கிறதுக்கு.

இதை நிரூபிச்ச பரிசோதனை தான் எனக்கு இந்தத் துறையிலயே ஆகப் பிடிச்சது, அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன். ஈஸ்ற்றுக்கு எக்ஸ் கதிர் அடிச்சா அது பிரியாமல் நிண்டு, டிஎன்ஏயைத் திருத்தி, பிறகு பிரியும். ஆனா ராட்9 எண்ட பரம்பரையலகு பழுதான ஈஸ்ற் நிக்காது, உடைஞ்ச நிறமூர்த்தத்தோட பிரிஞ்சு செத்துப்போகும். இதைப் பாத்தா எல்லாரும் என்ன நினைப்பினம், ராட்9 எண்டது திருத்திற புரதம், அது இல்லாட்டித் திருத்தேலாது, அதால சாகுது எண்டு. 1988 இல ரெட் வைனேட்டும் ஹார்ட்வெல்லும் ஒரு சின்ன வேலை செய்தினம். ராட்9 இல்லாத ஈஸ்ற்றுக்கு, கலப்பிரிவைத் தடுக்கிற ஒரு மருந்தைக் குடுத்து வலுக்கட்டாயமா நிப்பாட்டி வைச்சுக்கொண்டு கதிர் அடிச்சினம், கொஞ்ச மணித்தியாலம் விட்டுப் பிறகு மருந்தைக் கழுவி விட்டினம். கன ஈஸ்ற் தப்பீட்டுது! அப்ப அதுக்குத் திருத்தத் தெரியும், திருத்திற ஆயுதமெல்லாம் கையில இருக்கு, நிண்டு திருத்த வேணும் எண்ட கட்டளை மட்டும் தான் இல்லை. நிப்பாட்டிறது வேற, திருத்திறது வேற எண்டு அண்டைக்குத்தான் வடிவாப் பிரிஞ்சுது.

மனிசக் கலத்தில மறிக்கிற இடங்கள் இதுகள்: ஜி1 முடிவில, பழுதான டிஎன்ஏயைப் பிரதி எடுக்க விடாமல். எஸ் அவத்தைக்குள்ளயே, பிரதி எடுக்கிற இடம் எங்கயும் சிக்கிப்போனா. ஜி2 முடிவில, பழுதோட பிரிய விடாமல். கடைசியா எம் அவத்தைக்க ஒண்டு, இது டிஎன்ஏ சேதத்தைப் பாக்கிறேல்ல, 46 நிறமூர்த்தமும் கதிர்நாரில, அதாவது அதுகளைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுக்கிற நாரில, சரியாப் பிடிபட்டிருக்கோ எண்டு பாக்கிறது. ஒரேயொரு நிறமூர்த்தம் பிடிபடாட்டியும் மாட்2 எண்ட புரதம் "பொறு" எண்டு சைகை குடுத்துக்கொண்டே இருக்கும். இது தளர்ந்து போனா ஒரு கலத்துக்கு 47, மற்றதுக்கு 45 எண்டு போய்ச் சேரும், கட்டிக் கலங்களை எடுத்து எண்ணிப் பாத்தா கனக்கத்தில எண்ணிக்கை குழம்பித்தான் இருக்கும்.

எங்கட கோயில் வீதியிலயும் வேலியோரத்திலயும் பூக்கிற பட்டிப்பூவில இருந்து எடுக்கிற வின்கிறிஸ்ரின் இந்தக் கதிர்நாரைத்தான் கட்டவிடாமல் தடுக்குது, 60களில இருந்து பிள்ளையளின்ர இரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற மருந்து. அதுக்காகப் பட்டிப்பூ இலையை அவிச்சுக் குடிக்க வெளிக்கிடாதேங்கோ. இலையில மருந்தின்ர அளவு மிக மிகச் சொற்பம், அதோட நஞ்சு வேற கனக்க இருக்கு, அளந்து ஊசியில ஏத்திற மருந்தே நரம்பைப் பாதிக்கிறது.

படி 5: சேதம் எங்க இருந்து வருது

ஒரு கலத்தின்ர டிஎன்ஏயில ஒரு நாளைக்குப் பத்தாயிரக்கணக்கில சேதம் வருது, அதில பெரும்பங்கு வெளியில இருந்து வாறேல்ல. உடம்புச் சூடும், தண்ணியும், நாங்கள் மூச்செடுக்கிற ஒட்சிசனும் தான் காரணம். பிரதி எடுக்கிற நொதியமும் லட்சம் எழுத்துக்கு ஒண்டு பிழைவிடும், தானே திரும்பிப் பாத்துத் திருத்தும், அதுக்குப் பிறகும் தப்பினதை இன்னொரு குழு பிடிக்கும், கடைசியில நூறு கோடி எழுத்துக்கு ஒண்டு அளவில தான் பிழை மிஞ்சும்.

திருத்திற வழிகளைச் சுருக்கமாச் சொல்லுறன். ஒரு எழுத்து மட்டும் கெட்டா அதை மட்டும் வெட்டி மாத்திறது. வெயிலின்ர புற ஊதாக் கதிரால பக்கத்தில பக்கத்தில இருக்கிற ரெண்டு தைமின் எழுத்து ஒண்டோடொண்டு ஒட்டிப்போனா அந்தத் துண்டையே வெட்டி எடுக்கிறது, இது பிறவியிலயே இல்லாத ஆக்களுக்கு வெயில் பட்டாலே தோல் கான்சர் வரும். பிரதி எடுத்ததில சோடி பிழைச்சா அதைத் திருத்திறது, இது பழுதான குடும்பங்களில பெருங்குடல் கான்சர் இளம் வயசிலயே வரும். இந்த மூண்டையும் கண்டுபிடிச்ச லின்டால், சன்சார், மொட்றிச் மூண்டு பேருக்கும் 2015 இல வேதியியல் நோபல். நாலாவது, ரெண்டு இழையும் சேர்ந்து உடையிறது, ஆக ஆபத்தானது இது தான். இதுக்கு ரெண்டு வழி: ஒண்டு, முனைகளை அப்பிடியே அவசரமா ஒட்டிவிடுறது, ஒண்டு ரெண்டு எழுத்துக் காணாமல் போகும். மற்றது, பக்கத்தில இருக்கிற நல்ல பிரதியைப் பாத்துப் பிழையில்லாமல் எழுதிறது, எஸ், ஜி2 அவத்தைகளில தான் அந்தப் பிரதி இருக்கும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 எண்டு மார்பக, சூலகக் கான்சரோட சேர்த்துச் சொல்லுற பரம்பரையலகுகளைக் கேள்விப்பட்டிருப்பீங்கள், அதுகளின்ர வேலை இந்த ரெண்டாவது வழியில தான்.

இனி வெளியில இருந்து வாறது. இலங்கையில ஆம்பிளையளுக்கு ஆகக்கூட வாற கான்சர் வாய்க் கான்சர், காரணம் எல்லாருக்கும் தெரியும், வெத்திலைத் தட்டு. "நான் புகையிலை போடுறேல்ல தம்பி, பாக்கும் சுண்ணாம்பும் மட்டும்தான்" எண்டு சொல்லுற ஆச்சிமாரைக் கண்டிருப்பீங்கள். பாக்கு மட்டுமே கான்சரை வரப்பண்ணும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல முதலாம் வகுப்பில போட்டிட்டுது, புகையிலையும் அதே வகுப்புத்தான். சுண்ணாம்பு வாயைக் காரமாக்கேக்க பாக்கில இருக்கிற பொருள் ஒட்சியேறி, டிஎன்ஏயைத் தாக்கிற ஒட்சிசன் வகைகளை அந்த இடத்திலயே உண்டாக்குது, கொடுப்புக்குள்ள மணிக்கணக்கா அடக்கி வைச்சிருக்கிற இடத்தில தான் புண் வாறதும். கொடுப்புத் தோல் வெள்ளைப்பட்டு இறுகி வாய் முந்தின மாதிரித் திறக்கேலாமல் வந்தாலோ, வெள்ளையா சிவப்பா ஒரு படை ரெண்டு மூண்டு கிழமையா மாறாமல் இருந்தாலோ பல் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ.

சுருட்டு, சிகரெட் புகையில இருக்கிற பென்சோபைரீன் டிஎன்ஏயில எந்த இடத்தில ஒட்டுது எண்டு 1996 இல பாத்தினம், பி53 பரம்பரையலகில 157, 248, 273 ஆம் இடங்களில. சுவாசப்பைக் கான்சர்க்காரரின்ர பி53 இல விகாரம் (எழுத்து மாறிப்போறது) கூட இருக்கிற இடங்களும் அதுகள் தான். பூஞ்சணம் பிடிச்ச கச்சானிலயும் சோளத்திலயும் வாற அஃப்ளாரொக்சின் எண்ட நஞ்சுக்கு இன்னொரு இடம், 249, ஈரல் கான்சரில அந்தத் தடயம் கிடக்கும். கசக்கிற கச்சானைத் துப்பிப்போட்டு மிச்சத்தைத் தின்னுறவை அந்தப் பையையே எறிஞ்சு விடுங்கோ.

படி 6: ஒரு உடைவு, முதல் நிமிசத்தில இருந்து

ஒரு கலத்துக்க ரெண்டு இழையும் உடைஞ்ச ஒரு இடத்தைக் கற்பனை பண்ணுங்கோ. முதல்ல மூண்டு புரதம் சேர்ந்த ஒரு கூட்டு வந்து உடைஞ்ச முனைகளைப் பிடிக்கும். அது ஏடிஎம் எண்ட நொதியத்தைக் கூப்பிடும். ஏடிஎம் சும்மா இருக்கிற நேரம் ரெண்டு ரெண்டாச் சோடி சேர்ந்து ஒண்டையொண்டு தடுத்துக்கொண்டு இருக்கும், உடைவு வந்தா சோடி பிரிஞ்சு வேலை தொடங்கும். நிமிசக் கணக்கில, உடைவுக்கு ரெண்டு பக்கமும் டிஎன்ஏ சுத்தியிருக்கிற எச்2ஏஎக்ஸ் எண்ட புரதத்தில பொசுபேற் ஒட்டிக்கொண்டு போகும், லட்சக்கணக்கான எழுத்துத் தூரத்துக்கு. ஒரேயொரு உடைவு தான், ஆனா நுணுக்குக்காட்டியில ஒளிருற சாயம் போட்டுப் பாத்தா ஒரு பொட்டு மாதிரித் தெரியும், எத்தினை பொட்டு எண்டு எண்ணினா எத்தினை உடைவு எண்டு தெரியும். ஒற்றை இழை வெளிய தெரிஞ்சா, பிரதி எடுக்கிற இடம் சிக்கினா, ஏடிஎம்முக்குப் பதிலா ஏடிஆர் வரும்.

இஞ்ச இருந்து ரெண்டு பாதை. வேகமான பாதை: ஏடிஎம்மும் ஏடிஆரும் செக்2, செக்1 எண்ட அடுத்த ஆக்களைத் தட்டிவிடும், அதுகள் சிடிகேயைத் திறந்துவிடுற சிடிசி25 ஐ முடக்கும், சிடிகே பூட்டினபடி நிக்கும். புதுசா ஒண்டும் உருவாக்கத் தேவையில்லாததால நிமிசத்தில நடக்கும். மெதுவான பாதை பி53. சாதாரண நேரத்தில கலம் பி53 ஐ உருவாக்கிக்கொண்டே இருக்கும், எம்டிஎம்2 எண்டது அதை அழிச்சுக்கொண்டே இருக்கும், 20 நிமிசம் மட்டில பாதி அழிஞ்சிடும். வீண்செலவு மாதிரித் தெரியுதே, ஆனா ஆபத்து வந்த உடன அழிக்கிறதை நிப்பாட்டினாக் காணும், பி53 ஏறத் தொடங்கீடும். ஏடிஎம் செய்யிறது அதைத்தான். ஏறின பி53 போய் பி21 எண்ட பரம்பரையலகைத் தட்டிவிடும், பி21 புரதம் சிடிகேயில போய் ஒட்டிக்கொண்டு நிப்பாட்டி வைச்சிருக்கும். அதே நேரம் எம்டிஎம்2 ஐயும் பி53 தான் கூட்டுது, அதால பி53 ஏறி இறங்கி ஏறி இறங்கி அஞ்சரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அலை மாதிரி வரும், உடைவு திருந்தும் வரைக்கும்.

திருந்தீட்டா எல்லாம் அடங்கிக் கலம் திரும்பப் பிரியும். திருந்தாட்டி ரெண்டில ஒண்டு. நிரந்தரமாப் பிரியாத நிலைக்குப் போகும், இல்லாட்டித் தன்னைத்தானே சாகடிக்கும், பியூமா, பாக்ஸ் எண்ட புரதங்கள் இழைமணியை ஓட்டையாக்கி, உள்ள இருக்கிறது வெளிய கசிஞ்சு, கலத்தை உள்ளுக்க இருந்தே துண்டுதுண்டா வெட்டிற நொதியங்கள் வேலை தொடங்கும். எந்தக் கலம் எதைத் தெரிவு செய்யும் எண்டது கலவகையையும், சேதம் எவ்வளவு, எவ்வளவு நேரம் எண்டதையும் பொறுத்தது.

பி53 இன்ர கதையும் கேளுங்கோ. 1979 இல கண்டுபிடிச்சு ஒரு பத்து வருசமா கான்சரை உண்டாக்கிற ஆள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவை, ஏனெண்டா ஆய்வுகூடங்களில எடுத்து வைச்சிருந்த கன பிரதிகள் விகாரப்பட்டதுகள். 1989 இல தான் அது கான்சரைத் தடுக்கிறது எண்டு விளங்கிச்சுது. மனிசரின்ர கான்சரில ஏறத்தாழ அரைவாசியில இந்த ஒரு பரம்பரையலகு பழுது. ஒரு பிரதி பழுதாப் பிறக்கிற குடும்பங்கள் இருக்கு, அவைக்கு சின்ன வயசிலயே மார்பு, எலும்பு, மூளை எண்டு விதம்விதமா வரும். மாறா யானைக்கு இதில 20 பிரதி இருக்கு எண்டு 2015 இல கண்டினம், எங்களுக்கு ஒண்டு, தாய் தகப்பன் ரெண்டு பக்கத்தையும் சேர்த்தா ரெண்டு. யானைக்கு அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் கான்சர் குறைவா வாறதுக்கு இது ஒரு காரணமா இருக்கும் எண்டு நினைக்கினம்.

படி 7: கான்சர் இதை எப்பிடி உடைக்குது

ஒரே நாளில இல்லை. பெருங்குடலில தான் இதின்ர ஒழுங்கு வடிவாத் தெரியும்: முதல்ல ஏபிசி எண்ட பரம்பரையலகு போகும், சின்ன முளை ஒண்டு வரும், பிறகு கேராஸ் எண்ட பரம்பரையலகில விகாரம் வரும், முளை பெருக்கும், கடைசிப் பக்கமா பி53 போகும், அப்பதான் சுவரைத் துளைக்கும். இதுக்கு அநேகமாப் பத்து வருசம், அதுக்கு மேலயும் எடுக்கும், அதால தான் குழாய் விட்டுப் பாத்து முளையிலயே வெட்டினா கான்சரே வராமல் தடுக்கலாம்.

பி53 ஏன் கடைசியில போகுது? கேராஸ் மாதிரி ஒண்டு "பிரி பிரி" எண்டு கலத்தைத் தள்ளேக்க பிரதி எடுக்கிற இடங்கள் சிக்கிச் சிக்கி டிஎன்ஏ உடையும், ஏடிஎம் எழும்பும், பி53 எழும்பும், அந்தக் கலங்கள் நிண்டு போகும், இல்லாட்டிச் சாகும். 2005 இல ஆரம்பநிலைக் கட்டிகளைச் சாயம் போட்டுப் பாத்தவை, அதில நான் மேல சொன்ன பொட்டுகள் நிறைய இருந்துது, முழுக் கான்சரா மாற முதலே. அதாவது கட்டி தொடங்கின உடனயே மறிப்பு நடந்துகொண்டு தான் இருக்கு. அந்த மறிப்புக்குள்ள தற்செயலா பி53 ஐயோ ஏடிஎம்மையோ இழந்த ஒரு கலம் மட்டும் நிக்காமல் போகும், அதின்ர பிள்ளைகள் தான் மிஞ்சும். ராட்9 இல்லாத ஈஸ்ற் செத்துப்போச்சு எண்டு முதல் சொன்னன், இஞ்ச அந்தளவு சேதத்தோடயும் சாகாமல் தப்புறதுகள் தான் ஆபத்து, ஒவ்வொரு பிரிவிலயும் புதுப் புது விகாரம் சேரும்.

இன்னொரு தடையும் இருக்கு, நிறமூர்த்த நுனிகள் ஒவ்வொரு பிரிவிலயும் கட்டையாகும், 50 தரம் மட்டில பிரிஞ்சா சாதாரண கலம் நிக்கும். கான்சரில 10 இல 9 பங்கு மட்டில ரெலோமரேஸ் எண்ட நொதியத்தைத் திரும்ப எழுப்பி அதையும் தாண்டும்.

படி 8: வைத்தியம் எந்த ஓட்டைக்குள்ளால போகுது

கதிர்ச் சிகிச்சை: கதிரை அளக்கிற அலகு கிரே. 1 கிரே கதிர் ஒரு கலத்துக்க ரெண்டு இழையும் உடையிற உடைவு ஒரு 40 மட்டில உண்டாக்கும். வழமையா ஒரு நாளைக்கு 2 கிரே, கிழமைக்கு 5 நாள், கிழமைக்கணக்கா. "ஒரேயடியா அடிச்சு முடிச்சா என்ன, ஏன் நெடுக அலைக்கழிக்கினம்" எண்டு கனபேர் கேக்கிறவை. இடைவெளிக்குள்ள நல்ல கலம் நிண்டு திருத்தும், நிக்கத் தெரியாத கலத்துக்கு அந்த இடைவெளியால பெரிய பிரயோசனம் இல்லை. அதோட ஜி2விலயும் எம்மிலயும் இருக்கிற கலம் கதிருக்கு லேசாச் சாகும், எஸ் கடைசியில இருக்கிறது தப்பும், அடுத்த நாள் அடிக்கேக்க அண்டைக்குத் தப்பினது வேற அவத்தைக்கு வந்திருக்கும். அதால இடையில "இண்டைக்குக் களைப்பா இருக்கு, நாளைக்குப் போவம்" எண்டு நாள் தவறவிடாதேங்கோ, தெல்லிப்பழையோ மகரகமவோ எங்க எடுத்தாலும் இது தான் கணக்கு.

கீமோ: சிஸ்பிளாற்றின் டிஎன்ஏ எழுத்துக்களை ஒண்டோடொண்டு பிணைச்சுவிடும், பிரதி எடுக்கப் போற கலம் சிக்கும். மயிர்க்கால், வாய், குடல், மச்சை எல்லாம் எப்பவும் பிரிஞ்சுகொண்டிருக்கிற கலம், அதால தான் மயிர் கொட்டுது, வாய் புண்ணாகுது, வெண்குருதிக் கலம் குறையுது. நல்ல மூலக் கலங்கள் மிஞ்சியிருக்கிறதால மயிர் திரும்ப முளைக்குது.

சிடிகே4, சிடிகே6 ஐத் தடுக்கிற குளிசைகள்: முதலாவது பல்போசைக்கிளிப், 2015 இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது, ஈஸ்ரஜின் ஏற்பி இருக்கிற மார்பகக் கான்சருக்கு. மூண்டாம் படியில சொன்ன ஆர்பி வாசலைத் திரும்பப் பூட்டிறது தான் இதின்ர வேலை. ஆர்பியே இல்லாத கட்டிக்கு இது வேலை செய்யாது, பூட்ட வாசலே இல்லையே.

பார்ப் தடுப்பி: இது தான் கெட்டித்தனம். பார்ப் எண்டது ஒற்றை இழை உடைவைத் திருத்த உதவிற நொதியம். அதைத் தடுத்தா ஒற்றை உடைவு பிரதி எடுக்கேக்க ரெட்டை உடைவா மாறும். நல்ல கலத்துக்குப் பிஆர்சிஏ இருக்கு, பாத்துத் திருத்தும். பிஆர்சிஏ ரெண்டு பிரதியும் போன கட்டிக்கு வழியில்லை, சாகும். 2005 இல ரெண்டு குழுக்கள் ஆய்வுகூடத்தில காட்டிச்சினம், 2014 கடைசியில ஒலாபரிப் எண்ட முதல் மருந்து சூலகக் கான்சருக்கு அனுமதி பெற்றது. ஆனா கட்டியும் சும்மா இருக்காது, சிலதில பிஆர்சிஏ பரம்பரையலகிலயே இன்னொரு விகாரம் வந்து பழைய பழுதைச் சரிக்கட்டி புரதம் திரும்ப வேலை செய்யும், அதோட மருந்து பிடிக்காது.

படி 9: கையில ரிப்போட் இருந்தா

மார்பகக் கட்டி ரிப்போட் எண்டு வைப்பம். கிறேட் 1, 2, 3 எண்டதில ஒரு பங்கு, நுணுக்குக்காட்டியில பிரிஞ்சுகொண்டிருக்கிற கலங்களை எண்ணிப் போடுறது, எம் அவத்தையில எத்தினை பிடிபட்டுது எண்டு. கிறேட் வேற, ஸ்ரேஜ் வேற, ஸ்ரேஜ் எண்டது கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கு எண்டது, கிறேட் 3 எண்டதைப் பாத்து ஸ்ரேஜ் 3 எண்டு நினைச்சு வீடே அழுத கதைகள் இருக்கு. கேஐ67 எண்டு ஒரு வீதம் போட்டிருக்கும், இந்தப் புரதம் ஜி0வில இருக்கிற கலத்தில இராது, வட்டத்துக்க இருக்கிற கலத்தில மட்டும் இருக்கும். 20 வீதம் எண்டா நூறில 20 கலம் வட்டத்துக்க நிக்குது எண்டது தான், 20 வீதம் கான்சர் எண்டில்லை.

ஈஆர், பிஆர் பொசிற்றிவ் எண்டா வளர்ச்சிச் சைகை ஓமோனில இருந்து வருது, அதைத் தடுக்கிற குளிசை வேலை செய்ய வாய்ப்பு இருக்கு. ஹெர்2 எண்டது கலத்தின்ர மேற்பரப்பில இருக்கிற வளர்ச்சி ஏற்பி, கூடினதா இருந்தா அதுக்கெண்டு தனி மருந்து இருக்கு. சில ரிப்போட்டில பி53 சாயமும் போட்டிருப்பினம், இது ஆக்களை நல்லாக் குழப்பும்: "பி53 கடுமையாப் பொசிற்றிவ்" எண்டா காவல் நல்லாயிருக்கு எண்டு நினைக்காதேங்கோ, விகாரப்பட்ட பி53 அநேகமா அழியாமல் தேங்கும், அதால தான் கடுமையாச் சாயம் பிடிக்குது. சாயம் அறவே பிடிக்காட்டியும் பழுதா இருக்கலாம். அங்க இஞ்ச கொஞ்சம் மெல்லிசாப் பிடிச்சிருந்தா தான் வழமையானது. பெருங்குடல் ரிப்போட்டில எம்எல்எச்1, எம்எஸ்எச்2 எண்டு வாறது அஞ்சாம் படியில சொன்ன சோடி திருத்திற குழு, அதில ஒண்டு இல்லையெண்டு எழுதியிருந்தா அது குடும்பத்தில ஓடுற வகையோ எண்டு டொக்டரிட்டக் கேளுங்கோ, நோய் எதிர்ப்புச் சிகிச்சை (இம்யூனோதெரபி) அந்தக் குழு பழுதான கட்டிக்குத்தான் நல்லா வேலை செய்யிறது.

குடும்பத்தில ரெண்டு மூண்டு பேருக்கு இளம் வயசில மார்பகக் கான்சரோ, ஆருக்கும் சூலகக் கான்சரோ இருந்தா பிஆர்சிஏ சோதனை பற்றிக் கதையுங்கோ. தகப்பன் பக்கத்தையும் சொல்ல மறக்காதேங்கோ, இது தகப்பனில இருந்தும் அதே அரைவாசி வாய்ப்போட தான் வரும், "அம்மா பக்கம் ஒருத்தருக்கும் இல்லை" எண்டு சொல்லி விடுகினம், மாமிமாரை ஆரும் கணக்கெடுக்கிறேல்ல. அதோட வெட்டி எடுத்த துண்டை மெழுகில பதிச்சு பிளொக்கா வைச்சிருப்பினம், ரிப்போட்டில அதின்ர இலக்கம் இருக்கும். மேல சொன்ன சோதனையளில கனக்க அந்த பிளொக்கில இருந்தே பிறகும் செய்யலாம், திரும்ப ஊசி போட்டுத் துண்டு எடுக்கத் தேவைப்படாது, அதால அந்த இலக்கத்தைப் போனில ஒரு படம் எடுத்து வைச்சுவிடுங்கோ.